ஜெசிந்தாவின் வலது கால்

அந்தத் தொழிலில் யாரும் இப்போது விமானத்தை ‘ஓட்டுவதாக’ச் சொல்வதில்லை. ‘உடுத்துவது’ என்றுதான் சொன்னார்கள். கழுத்தின் பின்புறம் ஒரு பட்டி. அதைப் பூட்டிக்கொண்டதும் விமானத்தின் உடம்பு விமானியின் உடம்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சக்கரங்கள் கால்களாகிவிடும். இறக்கையின் பின்விளிம்பில் தாழ்ந்து விரிகிற ஃபிளாப்புகள் விரல்களாகிவிடும். இன்ஜின்கள் இரண்டும் விலா எலும்புக்குள் இரண்டு பூனைகள் போல உறுமிக்கொண்டு கிடக்கும்.

ஜெசிந்தா பல வருடங்களாக இப்படி உடுத்திக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியிலிருந்து சென்னை, பெங்களூர், கொழும்பு என்று வாடகைக்குப் பறக்கிற எட்டு இருக்கை ஜெட். சின்ன விமானம்தான். ஆனால் அதை உடுத்திக்கொண்டு மேகத்துக்கு மேலே ஏறும்போது இருக்கிற சுகத்தை அவளால் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. கணவனுக்குச் சொல்லிப் பார்த்தாள். பிறகு அவனிடம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

பட்டி வந்ததும் முதலில் போனது இரண்டாவது விமானி. ஒருவரே விமானமாக மாறிவிட்ட பிறகு பக்கத்தில் இன்னொருவர் எதற்கு? வலப்பக்கத்து இருக்கை மட்டும் மிச்சம் இருந்தது. அதன் முன்னால் இருந்த பிடி, மிதி, கருவிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள்; அவை விமானிக்கு முன்னால் மட்டும் இருந்தன. அடுத்துப் போனவை சக்கரம் இறங்கியதைக் காட்டுகிற பச்சை விளக்குகள். கால் ஊன்றியது காலுக்கே தெரியாதா என்று கேட்டது பட்டியைச் செய்த நிறுவனம். யாரும் மறுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்தால்தான் சிரமம். பட்டியைக் கழற்றியதும் சொந்த உடம்பு சின்னதாக, கனமாக, கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரியும். எல்லா விமானிகளுக்கும் அப்படித்தான் என்றார்கள். பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் சரியாகிவிடும். ஆனால் ஜெசிந்தாவின் வீட்டில் அப்படி உட்கார முடியாது. அங்கே அவள் கணவன் கிளாரன்ஸ் இருந்தான்.

கிளாரன்ஸ் கல்லூரியில் கால்பந்துப் பயிற்சியாளன். போன வருடம் மைதானத்தில் விசிலை வாயில் வைத்தவன் அப்படியே சரிந்து விழுந்தான். பேச்சு திரும்பி வந்துவிட்டது. வலது கை பாதி வந்தது. வலது கால் வரவில்லை. இடுப்பைச் சுழற்றி, அந்தக் காலைப் பின்னாலிருந்து வீசி எறிந்து, அது தரையில் விழுகிற இடத்தில் உடம்பைச் சாய்த்து நடப்பான். கல்லூரி அணியை வைத்து வேலை வாங்கியவன் இப்போது ஒரே ஒரு காலை வைத்துக்கொண்டு படாதபாடு படுவதாக அவனே சொல்லிச் சிரிப்பான்.

அன்றைக்குக் காலையில் சிரிக்கவில்லை. சென்னை ஆஸ்பத்திரியில் அவன் காலுக்கு மாதாந்திரப் பயிற்சி. அவளுடைய விமானத்திலேயே போவதாக ஏற்பாடு. காரில் ஏறும்போது வலது கால் வெளியே நின்றுவிட்டது. ஜெசிந்தா குனிந்து அதைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

“பெட்டியெல்லாம் ஏத்தியாச்சா?” என்று கேட்டான் கிளாரன்ஸ்.

“ஏத்தியாச்சு.”

“இல்ல, என் காலையும் அதுங்ககூடச் சேத்து ஏத்துன மாதிரி இருந்துச்சு. அதான் கேட்டேன்.”

“நேரமாச்சுங்க. நான் என்ன செய்யணுங்கிறீங்க?”

“கேட்டுட்டுத் தொடு. அது செத்துப் போச்சுன்னு நான் இன்னும் சொல்லல.”

விமான நிலையம் வரைக்கும் கிளாரன்ஸ் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தான். ஆனாலும் அவள் அவனைத் தனக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார வைத்தாள். அவனும் மறுப்புச் சொல்லவில்லை. பின்னால் ஒரே ஒரு பயணி: உப்பளக்காரர் நயினார். மகளுக்குச் சென்னையில் பிரசவம் ஆகியிருந்தது. மடியில் பெரிய மக்ரூன் டப்பா ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடலூருக்கு மேலே வந்து இறங்க ஆரம்பித்தபோது அது நடந்தது.

முதலில் விரல் நுனிகள் குளிர்ந்தன. ஜெசிந்தா ஃபிளாப்பை விரிக்கப் பார்த்தாள், விரல்கள் விரியவில்லை. எதிரே திரையில் எண்ணெய் அழுத்தம் படபடவென்று சரிந்து பூஜ்ஜியத்தில் போய் நின்றது. அடுத்த கணம் அவளுடைய வலது இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போனது. மரத்துப்போகவில்லை, வலிக்கவில்லை. அங்கே ஒரு கால் இருந்ததற்கான சுவடே இல்லை.

“ஏங்க,” என்றாள்.

அவள் குரலைக் கேட்டே கிளாரன்ஸ் திரும்பிவிட்டான். “என்னட்டி?”

“ஹைட்ராலிக் போயிட்டு.”

பின்னாலிருந்து நயினார் எட்டிப் பார்த்தார். “அம்மா, என்னமோ போயிட்டுன்னு சொன்ன மாதிரி காதுல விழுந்துச்சே?”

ஜெசிந்தா பயணிகளிடம் பொய் சொல்வதில்லை. “ஐயா, இந்த விமானத்துல சக்கரத்தை இறக்க, இறக்கை மடலை விரிக்க, பிரேக் பிடிக்க, மூணுக்கும் ஒரே எண்ணெய்தான். குழாய்க்குள்ள அழுத்தமா நிக்கும். அது எங்கேயோ ஒழுகிட்டு. பறக்குறதுக்கு ஒண்ணுமில்ல. இறக்கையைத் திருப்புறது தனிக் கம்பியில ஓடுது. இன்ஜின் ரெண்டும் நல்லாருக்கு. இறங்குறதுதான் கொஞ்சம் மெனக்கெடணும்.”

“எறங்கிருவோம்ல?”

“இறங்கிருவோம் ஐயா. பெல்ட்டை நல்லா இறுக்கிக்கிடுங்க.”

அவர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, அதற்கு மேலே டப்பாவையும் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

சென்னைக் கோபுரத்தைக் கூப்பிட்டாள். மறுமுனையில் ஒரு பெண் விதிப்படி ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நீளமான ஓடுதளத்தை ஒழித்துத் தருவதாகச் சொன்னாள். பிறகு திடீரென்று தமிழுக்கு மாறினாள். “கேப்டன், பட்டியைக் கழட்டிடுங்க. அழுத்தம் போச்சுன்னா கழட்டணும்னுதானே புஸ்தகத்துல இருக்கு?”

“கழட்டினா சக்கரம் இறங்குச்சான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? இங்க விளக்கு கிடையாது.”

“சரி கேப்டன். சக்கரத்தை இறக்கிட்டு ஒரு தடவை கோபுரத்துப் பக்கம் தாழப் போங்க. நாங்க கண்ணால பாத்துச் சொல்றோம்.”

எண்ணெய் இல்லாவிட்டாலும் சக்கரத்தை இறக்க ஒரு வழி இருக்கிறது. இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதை இழுத்தால் கொக்கிகள் விடுபட்டு, சக்கரங்கள் தங்கள் கனத்திலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். ஜெசிந்தா இழுத்தாள். வயிற்றுக்குக் கீழே தடதடவென்று சத்தம் வந்தது. இடது கால் இறங்கிப் பூட்டிக்கொண்டது தெரிந்தது. வலப்பக்கம் அதே வெறுமை.

தூறலுக்குள் கோபுரத்தை ஒட்டிப் பறந்தாள். அந்தப் பெண்ணின் குரல் தாழ்ந்திருந்தது. “மூக்குச் சக்கரம் சரியா இருக்கு. பெரிய சக்கரத்துல ஒண்ணு பாதியில தொங்குது. பக்கவாட்டுல பாக்குறதால, இந்த மழையில எந்தப் பக்கம்னு தெரியல, கேப்டன்.”

“வலது. எனக்குத் தெரியுது.”

செய்ய வேண்டியது அவளுக்குத் தெரியும். மேலே ஏறி, காலடி மிதியை அழுத்தி விமானத்தின் மூக்கை ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும், பிறகு மறுபக்கம். காற்று பக்கவாட்டில் மோதித் தொங்குகிற சக்கரத்தைத் தள்ளிவிடும். பயிற்சியில் எத்தனையோ தடவை செய்தது. இடது மிதியை இடது காலால் அழுத்தலாம். வலது மிதியை எதால் அழுத்துவது?

ஏறிவிட்டாள். கடலுக்கு மேலே வட்டமிட்டாள். வலது காலைத் தேடினாள். மனசுக்குள் அந்தப் பக்கம் போனால் இடுப்போடு பாதை முடிந்துவிட்டது. இன்னும் அழுத்தித் தேடினாள். கோபுரத்திலிருந்து ஏதோ கேட்டார்கள். அது அவள் காதில் ஏறவில்லை. கைகள் பிடித்த பிடியிலேயே இறுகிப் போயிருந்தன.

கிளாரன்ஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகம் அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது எதிரே இருந்த எஃகுத் தட்டில் அதே மாதிரி ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறான்.

“ஜெசி. கால் இல்லன்னு நினைக்கியோ?”

“இல்லவே இல்லங்க. இடுப்போட முடிஞ்சு போச்சு.”

“இருக்கு. நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்? கறுப்பு ஷூ போட்டு, என் கண்ணு முன்னாடி இருக்கு. சாக்ஸ்ல ஒரு ஓட்டைகூட இருக்கு.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“தேடாத,” என்றான். “தேடத் தேட தொலைஞ்சு போகும். நானும் முத மாசம் பூரா தேடிப் பாத்தேன். இடுப்பு இருக்கா?”

“இருக்கு.”

“அது போதும். காலைத் தூக்கணும்னு நினைக்காத. இடுப்பைத் திருப்பு, கால் தானா பின்னாடி வந்துரும். முதல்ல நல்ல பக்கமா நல்லா சாயணும். அப்பதான் இந்தப் பக்கம் வீச முடியும். விளங்குதா?”

“மிதியை யாரு அழுத்துறது?”

“நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?”

பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு இடப்பக்கம் சரிந்தான். நடுவில் இருந்த இன்ஜின் பிடிகளுக்கு மேலே அவனுடைய நல்ல கை, இடது கை, நீண்டு வந்து அவளுடைய வலது முழங்கால் மேலே நின்றது. ஆனால் தொடவில்லை.

“தொடட்டா?” என்று கேட்டான்.

ஜெசிந்தா தலையாட்டினாள்.

இடது மிதியை அவளே அழுத்தினாள். விமானத்தின் மூக்கு இடப்பக்கம் திரும்பியது. காற்று பக்கவாட்டில் இரைந்தது. பின்னால் நயினார், “முருகா, இது என்ன கோணல்!” என்று கத்தினார். ஜெசிந்தா இடுப்பைத் திருப்பினாள். “இப்ப!” என்றாள். கிளாரன்ஸ் தன் பாரம் முழுவதையும் அந்த முழங்காலில் இறக்கினான். மிதி போனது. மூக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசிக்கொண்டு வந்தது, அவனுடைய கால் தினமும் வீசிக்கொண்டு வருவதைப் போலவே. விமானம் முழுக்க ஒரு தடவை நொண்டியது.

எங்கோ அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

“பூட்டிட்டு!” என்றான் கிளாரன்ஸ். “என் இடது பாதத்துல வந்து இடிச்சுது. பூட்டிட்டுட்டி!”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“தெரியாது. எனக்கும் என் வலது கால்ல எதுவும் தெரியாது. கீழ பாத்துதான் நடக்கேன். கோபுரத்துல இருக்க அந்தப் பிள்ளையப் பாக்கச் சொல்லு.”

மறுபடியும் கோபுரத்துப் பக்கம் தாழப் போனாள். அந்தப் பெண் விதியையெல்லாம் மறந்து கத்தினாள்: “மூணும் சமமா நிக்குது கேப்டன்! வாங்க!”

ஃபிளாப் இல்லாததால் வழக்கத்தைவிட வேகமாகத்தான் இறங்க முடிந்தது. கட்டிடங்களும் தென்னைகளும் அவள் பழக்கப்பட்ட வேகத்தில் வரவில்லை. எறிந்தது போல வந்தன. கிளாரன்ஸின் கை இன்னும் அவள் முழங்காலிலேயே இருந்தது. அவள் “கொஞ்சம்” என்றால் கொஞ்சம் அழுத்தினான். “விடுங்க” என்றால் விட்டான். சக்கரம் தரையைத் தொட்டது. முதலில் இடது. பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலது. இரண்டும் தாங்கின.

பிரேக்குக்கும் எண்ணெய் கிடையாது. அவசரத்துக்கென்று ஒரு வாயுக் குடுவை உண்டு. கைப்பிடியை ஒரே சீராக இழுத்துப் பிடிக்க வேண்டும், விட்டு விட்டுப் பிடித்தால் தீர்ந்துவிடும். ஜெசிந்தா இழுத்துப் பிடித்தாள். ரப்பர் தீய்கிற வாடை வந்தது. ஓடுதளம் தீர்ந்துகொண்டே வந்தது. கடைசி விளக்கு வரிசை தெரிகிற தூரத்தில் விமானம் பெருமூச்சு விட்டதுபோல நின்றது.

பிறகு பின்னால் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. நயினார் இருவருக்கும் நடுவில் அதை நீட்டினார். “எடுத்துக்கிடுங்க. பேரப்புள்ளைக்குன்னு வாங்குனது. அது முழிச்சே பாத்திருக்காது. நீங்க சாப்பிடுங்க.”

ஜெசிந்தா மக்ரூனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். கிளாரன்ஸ் அவள் முழங்காலிலிருந்து கையை எடுக்காமலே, “சாப்பிட்டுட்டு அழு. கரைஞ்சிரும்,” என்றான்.

அன்று மாலையே ஜெசிந்தாவின் கால் திரும்பி வந்துவிட்டது. முதலில் கட்டை விரல், பிறகு பாதம், பிறகு முழுவதும். கிளாரன்ஸ் அதைப் பார்த்துப் பொறாமைப்படுவான் என்று பயந்தாள். அவனோ அவள் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து, “இது வந்துட்டா? இது?” என்று விளையாடிக்கொண்டிருந்தான்.

விசாரணைக்குக் கூப்பிட்டபோது மழைக்காலம் முடிந்திருந்தது. சென்னையில் ஓர் அலுவலகத்தின் மாடி அறை. விமானத்தைப் பிரித்துப் பார்த்த பொறியாளர் பரக்கத்துன்னிஸா மட்டும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். நரைத்த தலையில் முக்காடு, பொறுமையான கண்கள்.

“காரணம் கிடைச்சிடுச்சு மேடம். சின்னக் குழாய்தான், வெடிப்பு. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. ஆனா ஒரு விஷயம் உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு நினைச்சேன்.”

“சொல்லுங்க.”

“கசிஞ்ச எண்ணெய் நேரா பட்டியோட வயர்க் கட்டு மேல கொட்டியிருக்கு. அழுத்தம் போன அதே நேரத்துல பட்டியும் செத்துடுச்சு. அது செத்ததை உங்களுக்குச் சொல்றதுக்கு எதுவும் இல்ல. அதையெல்லாம் விளக்கோட சேத்து எடுத்துட்டாங்க இல்லையா?”

ஜெசிந்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. “அப்ப இறக்கை? இன்ஜின்? எல்லாம் எனக்குத் தெரிஞ்சுதே!”

“பழக்கம். விமானத்துலேருந்து உங்களுக்கு எதுவுமே வரல. நீங்க விமானத்தை உடுத்தவேயில்ல மேடம். அந்தக் காலத்துல ஓட்டின மாதிரி, கையால ஓட்டிக் கொண்டுவந்து இறக்கியிருக்கீங்க.” அவர் கொஞ்சம் சிரித்தார். “விளக்குகளைத் திரும்ப வைக்கணும்னு சொல்லியிருக்கேன். பக்கத்து இருக்கையில ஒரு ஆள் வேணும்னும் சொல்லியிருக்கேன். ரெண்டாவதைக் கேப்பாங்களான்னு தெரியல. செலவும்பாங்க.”

“அப்ப என் கால்?”

“அதைத்தான் நானும் யோசிச்சேன்.” பரக்கத்துன்னிஸா குரலைத் தாழ்த்தினார். “வலது கால் போச்சுன்னு சொன்னீங்க. அதனால நான் வலது சக்கரத்தைத்தான் முதல்ல பிரிச்சேன். அதுல ஒரு கீறல்கூட இல்ல. கைப்பிடியை இழுத்ததுமே இறங்கிப் பூட்டியிருக்கு. மாட்டிக்கிட்டுத் தொங்கினது இடது சக்கரம். நீங்க ரெண்டு பக்கமும் வீசினதாலதான் பொழைச்சீங்க.”

ஜெசிந்தா மேசைக்கு அடியில் தன் வலது முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

வெளியே வந்தபோது கிளாரன்ஸ் தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“பட்டி அப்பவே செத்துட்டாம். நானாத்தான் ஓட்டிட்டு வந்திருக்கேன்.”

“அதான் அவ்வளவு குலுக்கலா?” என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. “மாட்டுனது வலது சக்கரம் இல்லையாம். இடதாம்.”

“அப்ப உனக்குப் போன கால்?”

“உங்களோடது.”

கிளாரன்ஸின் சிரிப்பு மெதுவாக அடங்கியது. அவள் காலைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். யாரோ கோப்புகளோடு இருவரையும் தாண்டிப் போனார்கள். தாழ்வாரம் மறுபடி காலியானது.

“வலிச்சுதா?” என்று கேட்டான்.

“இல்ல. வலிக்கல.” அவள் சரியான சொல்லைத் தேடினாள். “அந்தப் பக்கத்துல யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சுங்க.”

“ம்,” என்றான் கிளாரன்ஸ். “அப்படித்தான் இருக்கும்.”

ஜெசிந்தா அவனைச் சுற்றிக்கொண்டு போய் அவனுடைய வலப்பக்கத்தில் நின்றாள்.